முன்சக்கர டர்போ கார்: சிறுமலை ஏற்றத்தில் டயர் சுழல்கிறது, ஸ்டியரிங் இழுக்கிறது. ரீமேப் செய்யலாமா?

திருநகர்வாசி:
வணக்கம். என்னுடையது 1.0 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக், 120 பிஎஸ் (குதிரைத்திறன்), மேனுவல். சிறுமலை கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் உள்பக்க முன்சக்கரம் கிறீச்சென்று சுழல்கிறது, வண்டி வெளியே ஓடுகிறது. நத்தம் மேம்பாலத்தில் நேராகப் போகும்போது மிதித்தாலும் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. ரீமேப் செய்து, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, 150 பிஎஸ் ஆக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா, இல்லை முன்சக்கர வண்டிக்கு இதுவே அதிகமா?

பழங்காநத்தம்:
தம்பி, ரீமேப் இப்போதைக்கு வேண்டாம். இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

ஏற்றத்தில் எடை பின்னால் போகும், வளைவில் வெளிப்பக்கம் சாயும். உள்பக்க முன்சக்கரத்தில் பாரமே இருக்காது. என்ஜின் சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். பிடி இல்லாத சக்கரம் தாங்குகிற அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். சக்தியைக் கூட்டினால் சுழற்சிதான் கூடும்.

ஸ்டியரிங் இழுப்பது டார்க் ஸ்டியர், அதாவது என்ஜினின் முறுக்குவிசையே ஸ்டியரிங்கைத் திருப்புவது. சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றிருந்தால் வரும். ஆனால் 120 பிஎஸ்ஸில் இந்த அளவுக்கு வரக்கூடாது. முன்டயர் இரண்டும் ஒரே மாடலா, ஒரே தேய்மானமா, காற்று சமமா என்று பாருங்கள். அப்புறம் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள்.

மேலூர் ரோடு:
திரும்பவும் அதே டயர், இழுக்கவும் அதே டயர் என்றால் எப்படித் தாங்கும்? வேகம் வேண்டுமென்றால் பின்சக்கர வண்டிதான். கம்பெனிகள் வேகமான முன்சக்கர வண்டிகளையே விட்டுவிடலாம்.

பழங்காநத்தம்:
அண்ணே, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1964இல் முன்சக்கர வண்டியான மினி கூப்பர் எஸ் மான்டே கார்லோ ராலியையே ஜெயித்தது. 2009 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ் 305 பிஎஸ்ஸை முன்சக்கரத்திலேயே இறக்கியது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வைத்தார்கள், சக்கரம் திரும்பும் அச்சைச் சக்கரத்தின் மையத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். 2023இல் முன்சக்கர வண்டியான ஹோண்டா சிவிக் டைப் ஆர், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 44.881 விநாடியில் சுற்றியது.

இப்படிப்பட்ட வண்டிகளைக் கட்டாயம் தயாரிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே வண்டி, அதில் அப்பா அம்மாவும் போக வேண்டும், நமக்கும் ஓட்ட ஆசை என்றால் வேறு எதை வாங்குவது? என் வருத்தமெல்லாம் இங்கே பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான். 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனில் சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், நல்ல விஷயம். என்ஜின் மட்டும் சாதாரண டர்போ ஐ20யின் அதே 120 பிஎஸ். 2015இல் ஃபியட்டின் அபார்த் புன்டோ 145 பிஎஸ்ஸோடு நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தது. அந்த மனசு வேண்டும்.

திருநகர்வாசி:
புஷ்தான் அண்ணே. மெக்கானிக் ஜாக்கியில் தூக்கி, கம்பியை விட்டு நெம்பிக் காட்டினார். இடப்பக்க லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. இரண்டு பக்கமும் மாற்றி அலைன்மென்ட் பார்த்தாயிற்று. மேம்பாலத்தில் இப்போது இழுக்கவில்லை. சிறுமலையில் உள்சக்கரம் இன்னும் சுழலத்தான் செய்கிறது. ரீமேப் காசை நல்ல டயருக்கு ஒதுக்கலாமா?

பழங்காநத்தம்:
தாராளமாக. நாலும் ஒரே மாடலாக வாங்குங்கள். வளைவு நிமிர்ந்த பிறகு மிதியுங்கள் தம்பி.