பெரிய சிட்டியை விட்டுட்டு வளர்ந்துட்டு இருக்கற சின்ன சிட்டிக்கு போலாமா? இருந்து பாத்தவங்க சொல்லுங்க

ஜன்னல்சீட்டு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் மொதல் போஸ்ட், நீளமா போனா திட்டாதீங்க.

எனக்கு 37, மனைவிக்கு 34, பையன் ஒண்ணாவது படிக்கறான், அப்பாவும் எங்க கூடத்தான் இருக்காரு, 70 ஆகப்போகுது, பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப இருக்கறது பெரிய சிட்டி. ஆபீஸ் போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணரை, மழை பெஞ்சா கணக்கே கிடையாது. வார நாள்ல பையனை தூங்கற நேரத்துல மட்டும்தான் பாக்கறேன், போன வாரம் அவன் பல்லு விழுந்ததே எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

இப்ப எங்க கம்பெனி ஒரு சின்ன சிட்டில புதுசா ஆபீஸ் தொறக்குது, வேணும்னா மாறிக்கலாம்னு சொல்றாங்க, சம்பளத்துல கொஞ்சம் குறைப்பாங்க. ஊர் நல்லா வளருது, புது புது பில்டிங், அகலமான ரோடு, எங்க பாத்தாலும் கிரேன். ரெண்டு தடவை குடும்பத்தோட போய் பாத்துட்டு வந்தோம், ரோடு காலியா இருந்துச்சு, காத்து நல்லா இருந்துச்சு, எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. ஊர் ஓரத்துல ஒரு மனையும் பாத்து வச்சிருக்கோம், நல்ல கோடையில போனப்பவே பச்சைப்பசேல்னு புல்லு, புரோக்கர் இந்த மாசமே அட்வான்ஸ் குடுத்துடுங்கன்னு அவசரப்படுத்தறாரு. மனைவி ஒரு லேப்ல ஆராய்ச்சி வேலை, அங்க அவங்களுக்கு வேலை தேடணும். என்ன பண்ணலாம்?

இரவுக்கிளி:

ப்ரோ, போங்க. நான் மாறி நாலு வருஷம் ஆச்சு, ஒரு நாள் கூட வருத்தப்பட்டது இல்ல, சரி பொய் சொல்லக்கூடாது, ஒரு நாப்பது நாள் வருத்தப்பட்டிருப்பேன்.

நீங்க சொன்ன பல்லு விஷயம் படிச்சதும் மனசு என்னமோ பண்ணிடுச்சு. எனக்கு இங்க வந்து மொதல் வாரம் நடந்தது சொல்றேன், ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தறேன், இன்னும் வெயில் அடிக்குது. படிக்கட்டுல உக்காந்து ஷூ கழட்டிக்கிட்டே இப்ப என்ன பண்றதுன்னு யோசிச்சேன், நிஜமாவே தெரியல. அப்படி ஒரு நேரம் ஒரு நாள்ல இருக்குங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு. இப்ப அந்த நேரத்துல என் பொண்ணு சைக்கிள் பின்னாடி ஓடிட்டு இருக்கேன்.

ஆனா ஒண்ணு. நான் வந்தப்போ ஆபீஸுக்கு 12 நிமிஷம், வழில ஒரே ஒரு சிக்னல். இப்ப ஆறு சிக்னல், 25 நிமிஷம். மார்ச்செட்டின்னு ஒருத்தர் 1994லயே எழுதியிருக்காரு, மனுஷன் எந்தக் காலத்துலயும் போக வர சேத்து ஒரு நாளைக்கு சுமாரா ஒரு மணி நேரம்தான் செலவழிக்கறான், வண்டி வேகமானா நேரம் மிச்சம் ஆகறதில்ல, வீட்டைத்தான் இன்னும் தள்ளி கட்டிக்கறான்னு. எங்க ஊர் அதை கண்ணு முன்னாடி செஞ்சு காட்டிட்டு இருக்கு. அதனால நீங்க வாங்கறது 12 நிமிஷம் இல்ல, ஒரு அஞ்சாறு வருஷம். பையனுக்கு இப்ப ஆறு வயசு, அந்த அஞ்சாறு வருஷம்தான் முக்கியம்னு நான் சொல்லுவேன்.

கணக்குப்புள்ள:

மேல உள்ளவர் மனசால பேசிட்டாரு, நான் பென்சில் எடுக்கறேன்.

சின்ன ஊர்ல செலவு கம்மின்னு எல்லாரும் சொல்றது வாடகைக்கும் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கறதுக்கும் மட்டும்தான் சரி. போன், லேப்டாப், கார், இன்சூரன்ஸ், விமான டிக்கெட், இதெல்லாம் எந்த ஊர்ல இருந்தாலும் ஏறக்குறைய அதே விலைதான், பஸ் சரியா இல்லாததால ரெண்டாவது வண்டி ஒண்ணு கட்டாயம் வந்து சேரும். அதனால சம்பளத்துல எவ்ளோ வெட்டுறாங்கன்னு பாக்காதீங்க, வாடகை போக கையில நிக்கறது இங்க எவ்ளோ அங்க எவ்ளோன்னு பாருங்க. இப்ப உங்க வாடகை சம்பளத்துல மூணுல ஒரு பங்கு, அங்க பாதி வாடகைன்னு வச்சுக்கிட்டா, சம்பளம் ஆறுல ஒரு பங்கு குறைஞ்சாலே நீங்க இருந்த இடத்துலயே நிக்கறீங்க, அதுக்கு மேல குறைஞ்சா நஷ்டம்.

அடுத்தது வேலை. இது உங்க வேலை பத்தி இல்ல, இந்த வேலை போனா அடுத்த வேலை எங்கங்கறது. பெரிய சிட்டில ஒரு கம்பெனி மூடினா தெருவை தாண்டி இன்னொண்ணு இருக்கும். சின்ன ஊர்ல உங்க லைன்ல மொத்தமே ரெண்டு மூணு பேர்தான் வேலை குடுப்பாங்க, அவங்க ஹெச்ஆர் ஆளுங்க ஒண்ணா உக்காந்து டீ குடிப்பாங்க. பெட்டன்கோர்ட், வெஸ்ட்னு ஆராய்ச்சியாளருங்க எல்லாம் சேர்ந்து 2007ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க, ஊர் ஜனத்தொகை ரெண்டு மடங்கானா தலைக்கு சம்பளம் ஒரு எட்டு பத்து சதவீதம் கூடுது, ரோடும் கேபிளும் தலைக்கு அதே அளவு கம்மியா போதுமாகுது, கூடவே குற்றமும் தொத்து நோயும் கூடுது. மூணும் ஒரே பாக்கெட்ல வருது, பிரிச்சு வாங்க முடியாது.

உங்க மனைவி வேலைதான் எனக்கு பயம். நீங்க எழுதினதுல அது ஒரே ஒரு வரி, அதுவும் கடைசி வரி. ஒருத்தருக்கு வேலை கிடைக்கற ஊர் நிறைய இருக்கு, ரெண்டு பேருக்கும் அவங்க படிச்ச வேலையே கிடைக்கற ஊர் கம்மி, படிச்ச தம்பதிங்க பெரிய சிட்டிலயே ஒட்டிக்கிட்டு இருக்கறதுக்கு இது பெரிய காரணம். அவங்க அங்க போய் வேற ஏதாவது பாத்துக்கலாம்னு சொன்னாங்கன்னா, நிஜமாவே சொன்னாங்களா இல்ல உங்களுக்காக சொன்னாங்களான்னு ஒரு தடவை கேட்டுடுங்க.

வால்வுத்தாத்தா:

தம்பி, நான் குடிநீர் வேலையில 31 வருஷம் இருந்து ரிடையர் ஆனவன். நீங்க ஊரை மேல இருந்து பாத்துட்டு வந்திருக்கீங்க, நான் கீழ இருந்து பாக்கச் சொல்றேன்.

வளர்ற ஊர்ல கிரேனை எண்ணாதீங்க. ஜனம் வருஷத்துக்கு மூணரை சதவீதம் கூடுச்சுன்னா 20 வருஷத்துல ரெண்டு மடங்கு, ஏழு சதவீதம்னா பத்தே வருஷம் (70ஐ சதவீதத்தால வகுத்தா வர்றது, மனக்கணக்குதான்). ஆனா தண்ணி பைப் பொதுவா 30 வருஷத்துக்கு கணக்கு போட்டு போடறது, அதுவும் மெதுவா வளரும்னு நெனச்சு போட்டது. ஊர் ஓடிடும், பைப் அங்கேயே இருக்கும். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, விட்டம் ரெண்டு மடங்கு இருக்கற பைப்புல அதே அழுத்தத்துல ரெண்டு மடங்கு இல்ல, ஆறு மடங்குக்கு மேல தண்ணி போகும். ஆரம்பத்துலயே பெருசா போட்டுட்டா கூடுதல் செலவு கொஞ்சம்தான். சின்னதா போட்டுட்டு பத்து வருஷம் கழிச்சு ரோடு, கேபிள், கடை வாசல் எல்லாத்தையும் பேத்து எடுத்து மறுபடி போடறது இருக்கே, அதுக்குத்தான் பணம் தண்ணியா போகும். நான் பாதி சர்வீஸ் அதைத்தான் செஞ்சேன்.

அதனால அடுத்த தடவை போகும்போது மூணாவது மாடில குடியிருக்கறவங்க வீட்டு கதவை தட்டி, காலைல ஏழு மணிக்கு குழாய்ல தண்ணி மேல ஏறுதான்னு கேளுங்க. டேங்க் தண்ணி மட்டம் பத்து மீட்டர் உயரத்துல இருந்தா கீழ கிடைக்கறது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம், புது வீடு ஒவ்வொண்ணா சேர சேர அது கரைஞ்சுக்கிட்டே வரும். எல்லார் வீட்லயும் பைப்புல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சிக்கிட்டு இருந்தா அந்த ஊர்ல பைப் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் கழிவுநீர், புது பக்கத்துல அது எங்க போகுதுன்னு கேளுங்க, பதில் சொல்லாம கையை மட்டும் ஆட்டுனா புரிஞ்சுக்கோங்க.

இன்னொண்ணு. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நல்ல கோடையில, யாரும் தண்ணி ஊத்தாத காலி மனைல, பச்சைப்பசேல்னு புல்லு. அது என்ன புல்லு? தண்டை விரலால உருட்டிப் பாருங்க. மூணு பட்டையா தட்டுப்பட்டா அது கோரை. கோரை சந்தோஷமா வளர்ற இடம்னா கீழ தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். பெரும்பாலும் அது தண்ணி வந்து தங்கற பள்ளமா இருக்கும். புரோக்கர் இந்த மாசமேன்னு ஏன் பறக்கறான்? அடுத்த மாசம் மழை.

இரவுக்கிளி:

ஐயா அந்த கடைசி வரி 😂

ராத்திரிடூட்டி:

நான் நர்ஸ். வீட்ல 70 வயசுல பிரஷர் உள்ள அப்பா இருக்காருன்னா எனக்கு மத்த எதுவும் கண்ணுல படல, மன்னிச்சுக்கோங்க.

வாதம் அடிச்சா, அதாவது மூளைக்கு போற ரத்தக்குழாய் அடைச்சா, ரத்தக்கட்டியை கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் சீக்கிரம் போட போடத்தான் நல்லது. போடறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து மூளைல ரத்தக்கசிவு இல்லன்னு பாத்தே ஆகணும். மாரடைப்புன்னா அடைப்பை பலூன் வச்சு எடுக்க ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து 90 நிமிஷம்னு ஒரு இலக்கு வச்சிருக்காங்க. சின்ன ஊர்ல ஆஸ்பத்திரி பில்டிங் பளபளன்னு இருக்கும், மெஷினும் இருக்கும். நீங்க கேக்க வேண்டிய கேள்வி மெஷின் இருக்கான்னு இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யார் ஆன் பண்ணுவா, யார் படிச்சு சொல்லுவா, நரம்பு டாக்டர் அந்த ஊர்லயே குடியிருக்காரா இல்ல வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டு போறவரா. நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல அவர் செவ்வாயும் வெள்ளியும் வருவாரு. புதன்கிழமை ராத்திரி வந்த ஒரு தாத்தாவை ஆம்புலன்ஸ்ல பெரிய ஊருக்கு அனுப்பி வச்சோம், கூட நான்தான் போனேன், வழி பூரா வாட்சை பாத்துக்கிட்டே போனேன். அதுக்கு மேல எழுத வேண்டாம்.

அதே சமயம் நியாயமா சொல்லணும், பெரிய சிட்டில ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர்லயே இருக்கும், ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் அந்த நாலு கிலோமீட்டர் போறதுக்குள்ள சின்ன ஊர்ல முப்பது போயிடலாம். அதனால தூரத்தை பாக்காதீங்க, நேரத்தை பாருங்க. சும்மா டெஸ்டுக்கு, சுகர் பிரஷர் செக்கப்புக்கு எல்லாம் சின்ன ஊர்தான் சொர்க்கம், டாக்டருக்கு உங்க அப்பா பேரே தெரியும்.

திரும்பிவந்தவன்:

நான் போயிட்டு ரெண்டு வருஷத்துல திரும்பி வந்தவன். தண்ணி ஆஸ்பத்திரி எல்லாம் பிரச்சனை இல்ல, ஆளுங்கதான் பிரச்சனை. நாம ஆறு மணிக்கு என்ன வாங்கினோம்னு ஏழு மணிக்கு தெரு முழுக்க தெரியும். 35 வயசுக்கு மேல புதுசா ஃப்ரெண்டு பிடிக்கறது எங்கயுமே கஷ்டம், அங்க எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா படிச்சவங்க, நாம கல்யாண வீட்டுக்கு வந்த கேமராமேன் மாதிரி ஓரமா நிக்கணும். உங்களுக்கு அது ஓகேன்னா போங்க. எனக்கு கூட்டத்துல காணாம போறது பிடிக்கும்.

மண்ணின்மகள்:

மேல இருக்கற அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நான் அந்த மாதிரி ஒரு ஊர்லயே பொறந்து வளர்ந்தவ, அந்த ஒண்ணாங்கிளாஸ் கூட்டத்துல ஒருத்தி. நீங்க எல்லாரும் போலாமா வேண்டாமான்னு பேசறீங்க, நாங்க எங்கயும் போகாமயே எங்க ஊர் மாறிப்போச்சு. பெரிய சிட்டி சம்பளத்தோட வர்றவங்க கேட்ட வாடகையை பேரம் பேசாம குடுத்துடறாங்க, அவங்களுக்கு அது மலிவு. என் தம்பி கல்யாணம் ஆகி தனியா வீடு பாத்தான், எங்க தெருவுலயே அவனால குடி இருக்க முடியல. அப்புறம் வந்த ஆறே மாசத்துல இங்க அது இல்ல இது இல்லன்னு பொலம்பல் வேற.

வரவேண்டாம்னு சொல்லல. நீங்க வந்ததாலதான் நல்ல ஸ்கூல் வந்துச்சு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பஸ் வந்துச்சு, எனக்கே இங்க வேலை கிடைச்சது, இல்லன்னா நானும் மூட்டையை கட்டியிருப்பேன். வந்தா வாடகையை கொஞ்சம் பேரம் பேசுங்க, தெரு கூட்டத்துக்கு ஒரு தடவையாவது வாங்க, அவ்ளோதான். ஜன்னல்சீட்டு அண்ணா, நீங்க ரெண்டு தடவை போனது என்ன கிழமை?

ஜன்னல்சீட்டு:

மாட்டிக்கிட்டேன். ரெண்டு தடவையும் ஞாயித்துக்கிழமை.

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி மனைவிகிட்ட கணக்குப்புள்ள கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன், ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லல, அப்புறம் சரி எனக்கு ஒரு மாசம் டைம் குடு, அங்க நாலு இடத்துல அப்ளை பண்ணி பாத்துட்டு சொல்றேன்னாங்க. அதுவரைக்கும் கம்பெனிக்கு பதில் சொல்லல. புரோக்கருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், அட்வான்ஸ் தொகையை பாதியா குறைக்கறேன்னு உடனே சொல்றாரு, அதுலயே எனக்கு பாதி புரிஞ்சுச்சு. போறதா முடிவானா மொதல்ல ஒரு வருஷம் வாடகைக்கு, ஒரு மழையும் ஒரு கோடையும் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம். வாடகை பேரம் பேசுவேன், சத்தியம்.

அடுத்த வாரம் புதன்கிழமை லீவு போட்டுட்டு நானும் அப்பாவும் போறோம். வால்வுத்தாத்தா ஐயா, மொதல் தடவை எடுத்த போட்டோவை பெருசு பண்ணி பாத்தேன், தண்டு சரியா தெரியல, ஆனா புல்லு நுனில பழுப்பு கலர்ல சின்னதா கொத்து கொத்தா பூ மாதிரி இருக்கு. அது கோரையா?

வால்வுத்தாத்தா:

கோரைதான் தம்பி.