‘ரைட் டு வொர்க்’ என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் கை தூக்கவும்

டெக்சஸ்வாசி:

அமெரிக்கா வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர், “இது ரைட் டு வொர்க் மாநிலம்ப்பா, எப்ப வேணாலும் தூக்கிடுவாங்க” என்றார். நானும் நாலு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதையே ஓதிக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் தெரிந்தது, நான் சொன்னது முழுத் தப்பு. காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் ‘அட் வில்’. மொன்டானா நீங்கலாக எல்லா மாநிலத்திலும் அதுதான் நடைமுறை. ரைட் டு வொர்க் வேறு சங்கதி. யூனியன் உள்ள இடத்தில் வேலை பார்த்தாலும், அந்த யூனியனுக்கு நீங்கள் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது, அவ்வளவுதான். 1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இந்த முடிவை அந்தந்த மாநிலத்திடம் விட்டுவிட்டது. இப்போது 26 மாநிலங்களில் இருக்கிறது.

நமக்கு ‘வேலை உரிமை’ என்றால் நூறு நாள் வேலைதான் ஞாபகம் வரும். இங்கே அந்தப் பெயரில் வேலையும் கிடைக்காது, உரிமை என்றால் சந்தா கட்டாமல் இருக்கும் உரிமை. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்.

நம்மில் பெரும்பாலோர் ஐ.டி., யூனியன் வாசனையே படாதவர்கள். நர்ஸ், டீச்சர், கார் பேக்டரி என்று இருப்பவர்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்களேன். கட்சி அரசியல் வேண்டாம், அதற்கு தீபாவளி பார்ட்டி இருக்கிறது.

மிச்சிகன் நர்ஸக்கா:

நான் சொல்கிறேன் தம்பி. எங்கள் தளத்தில் நான்தான் யூனியன் ஸ்டூவர்ட், அதாவது சக ஊழியர்களுக்காக நிர்வாகத்திடம் பேசும் யூனியன் பிரதிநிதி. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

2012 டிசம்பரில் இங்கே அந்தச் சட்டம் வந்தது. லான்சிங்கில் சட்டமன்றத்தைச் சுற்றி அன்று ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆனால் வார்டுக்குள் ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் ஏற்கனவே கையெழுத்தான ஒப்பந்தம் முடியும்வரை பழைய விதிதான். எங்களுடையது 2014-ல் முடிந்தது. அடுத்த மாதமே 31 பேரில் 9 பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி என் கூடவே இரவு ஷிப்ட் பார்ப்பவள். தனியாகப் பிள்ளை வளர்க்கிறாள். “எனக்கு அது ஒரு வாரப் பெட்ரோல்” என்று என்னிடம் நேராகவே சொன்னாள். மற்ற எட்டுப் பேர் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுவார்கள். இவள் மாற்றவில்லை, அதனாலேயே இவள்மேல் எனக்குக் கோபம் குறைவு.

ஒரு வருடம் போயிருக்கும். மார்ஃபின் கணக்கில் 2 மில்லிகிராம் இடித்தது. ஊசியில் 4 இருக்கும், நோயாளிக்கு 2 போட்டால் மீதியை இன்னொரு நர்ஸ் முன்னால் கொட்டி, மருந்து எடுக்கும் மெஷினில் இரண்டு பேரும் பதிவு செய்ய வேண்டும். இவள் கொட்டியிருக்கிறாள். சாட்சிக்கு நின்றவள் பதிவு செய்வதற்குள் பக்கத்து அறையில் கோட் ப்ளூ (நோயாளியின் இதயம் நின்றால் கொடுக்கும் அவசர அழைப்பு), ஓடிவிட்டாள். இரண்டு நாள் கழித்து எச்.ஆர். கூப்பிட்டார்கள். போதை மருந்து விஷயம், லைசென்ஸே போகலாம்.

யூனியன் உள்ள இடத்தில் தண்டனையில் முடியக்கூடிய விசாரணை என்றால், “என் ஸ்டூவர்ட் வரட்டும்” என்று கேட்கலாம். 1975-ல் வைன்கார்ட்டன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கேட்டால்தான் உண்டு, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அவள் கேட்டாள். அன்று எனக்கு லீவு. போன் வந்தபோது சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சந்தா கட்டாதவளுக்காகக் கைகழுவிக்கொண்டு கிளம்ப வேண்டியது. போக மாட்டேன் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் சேர்த்து யூனியன்தான் பேசும் என்று ஆனபிறகு, கட்டியவர் கட்டாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்.

உட்கார்ந்த உடனே “சாரி” என்று ஆரம்பிக்கப் போனாள். மேசைக்கு அடியில் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். மெஷின் பதிவையும் கோட் ப்ளூ நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். மூன்று நிமிட வித்தியாசம். சஸ்பென்ஷன் என்று எழுதி வைத்திருந்தது எச்சரிக்கைக் கடிதமாக முடிந்தது.

வெளியே வந்ததும் தேங்க்ஸ் சொன்னாள். சந்தா பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் புளி கரைத்தது கரைத்தபடியே இருந்தது.

ஒரு திருத்தம்: அந்தச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் யாரையும் உறுப்பினராகச் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 1988-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பெக் தீர்ப்புப்படி, ஒப்பந்தம் பேசுகிற, நடத்துகிற செலவில் உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும். யூனியனின் அரசியல் செலவுக்கு நீங்கள் கட்ட வேண்டாம்.

கோவைக்காரன், இப்போது டென்னசி:

அக்கா சொன்னது சரி. ஆனால் எனக்கு நேர்ந்ததையும் கேளுங்கள்.

ஒஹையோவில் ஒரு தொழிற்சாலைக்கு கன்ட்ரோல்ஸ் வேலைக்கு (மெஷின்களின் தானியங்கிக் கட்டுப்பாடு) போயிருந்தேன். லைன் நின்றுவிட்டது. பார்த்தால் ஒரு சென்சார் லேசாகச் சாய்ந்திருக்கிறது, இரண்டே போல்ட். பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து முறுக்கிவிட்டேன், நாற்பது வினாடி. லைன் ஓடியது. நிமிர்ந்தால் பின்னால் ஒருவர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். எலக்ட்ரீசியன். அது அவர் வேலையாம். கத்தவில்லை, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நேரம் குறித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான், கிரீவன்ஸ், அதாவது யூனியன் வழியாக நிர்வாகத்திடம் முறைப்படி புகார். அவரைக் கூப்பிடாததற்கு அவருக்குக் கூலி கொடுத்தார்கள். எனக்கு, “இனிமேல் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு விரலால் காட்டு” என்று உபதேசம். அன்றிரவு யூனியனைத் திட்டாத வார்த்தை இல்லை. பிறகு அங்கேயே ஒரு பழைய ஆள் விளக்கினார்: இப்படி இரண்டு போல்ட்டாக விட்டுக்கொடுத்தால் ஒருநாள் எலக்ட்ரீசியனே தேவையில்லை என்பார்கள். நியாயம்தான், ஆனால் லைன் நின்றால் நிமிஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தவனுக்கு அது தொண்டையில் இறங்காது.

இப்போது இருப்பது டென்னசி. 1947-லிருந்தே ரைட் டு வொர்க், 2022-ல் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால் இங்கே யூனியனே கூடாது என்று நினைக்கிறார்கள், அது இல்லை. இங்கே சட்டனூகாவில் உள்ள வோக்ஸ்வேகன் தொழிற்சாலையில், யூனியன் வேண்டுமா என்ற ஓட்டெடுப்பில் கார்த் தொழிலாளர் யூனியனான யு.ஏ.டபிள்யூ. 2014-ல் 712–626 என்று தோற்றது, 2019-ல் 833–776 என்று மறுபடி தோற்றது, 2024 ஏப்ரலில் 2,628–985 என்று ஜெயித்தது. ஜெயித்தும் யாரையும் சந்தா கட்டு என்று சொல்ல முடியாது, ஆள் ஆளாய்ப் போய்க் கேட்க வேண்டும். அடுத்த மாதமே அலபாமாவில் மெர்சிடிஸ் தொழிலாளர்கள் யூனியன் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் நம்மூரில் எப்போதும் இதே கதைதானே? அப்பா இருந்த மில்லில் சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே மூன்று யூனியன் ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பார்கள். இஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் நழுவலாம். அப்பா ஒரு மாதம் ஒருவருக்கு, மறுமாதம் இன்னொருவருக்கு. கேட்டால், “எல்லாரும் நம்ம பசங்கதான்” என்பார்.

இல்லினாய் டீச்சர்:

அரசுப் பள்ளி என்பதால் எனக்கு மாநிலச் சட்டமே கணக்கில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஜேனஸ் தீர்ப்பு வந்தபிறகு நாடு முழுக்க அரசு ஊழியர் யாரையும் யூனியனுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இத்தனைக்கும் அந்த வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் எங்கள் மாநில ஊழியர். கோடை விடுமுறை வந்தால் “யூனியனை விட்டு விலகுவது எப்படி” என்று வீட்டுக்கே தபால் வருகிறது. என் கணவர் வருடா வருடம் அதைப் பிரித்து, மிச்சமாகும் பணத்துக்கு எத்தனை தடவை ஊருக்குப் போகலாம் என்று கணக்குப் போடுவார். நான் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். முக்கால்வாசி காரணம், சக டீச்சர் முகத்தில் முழிக்க வேண்டுமே என்பது.

டெக்சஸ்வாசி:

அக்கா, மிச்சிகனில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்களே, உங்கள் இரவு ஷிப்ட் தோழி இப்போது கட்டுகிறாரா?

மிச்சிகன் நர்ஸக்கா:

2023-ல் ரத்து செய்தார்கள், 2024 பிப்ரவரி 13 முதல் நடைமுறை. ஆனால் அதுவாக எதுவும் திரும்பி வராது, ஒப்பந்தத்தில் மறுபடி பேசி எழுத வேண்டும். எங்களுக்கு அது முடிய மேலும் சில மாதம் ஆனது. சந்தா பிடித்தம் ஆரம்பித்த முதல் சம்பளச் சீட்டின் நகலை என் லாக்கர் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள், அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். கோபமா கிண்டலா என்று கேட்கவில்லை. இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது, ஒரு மூலை மட்டும் பிய்ந்து தொங்குகிறது.