புதுப்பிப்பு: 78 கிலோவிலேயே நின்ற எடை மறுபடி இறங்கியது

சில மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: 86 கிலோவிலிருந்து ஒழுங்காக இறங்கிய எடை 78-இல் அப்படியே நின்றுவிட்டது, சாப்பாடும் நடையும் மாறவில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போது 75.

பலன் தந்தது, "86 கிலோவுக்குப் போட்ட கலோரிக் கணக்கு 78-க்குப் பொருந்தாது, திரும்பப் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையான கலோரியும் குறைகிறது, அதனால் முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரியாகிவிடுகிறது. முதலில் எண்ணெயில் கை வைத்தேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி. தாளிக்க, பொரியலுக்கு, தோசைக்கல்லுக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுகிறோம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். புரதத்தைக் கூட்டச் சொன்னவர் பேச்சைக் கேட்டு, இரவு மூன்று தோசைக்குப் பதில் ஒரு தோசை, கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை. பசி நிஜமாகவே அடங்குகிறது.

எதிர்பாராதது ஒன்று: டம்பெல் பயிற்சி தொடங்கியதும் எடை ஒரு கிலோ ஏறியது. பயந்துபோனேன். புதுப் பயிற்சிக்குத் தசை நீரைப் பிடித்து வைக்கும், அது கொழுப்பு இல்லை, இடுப்பை அளந்து பாருங்கள் என்று இன்னொருவர் முன்பே எழுதியிருந்தார். அளந்தால் 2 செ.மீ. குறைந்திருந்தது! அப்புறம் எடையும் இறங்கியது.

பட்டினி கிடந்து பாருங்கள் என்று வந்த யோசனையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடை நின்றதற்குத் தைராய்டு காரணமோ என்று அந்தப் பரிசோதனையும் செய்தேன், சரியாகத்தான் இருந்தது.