சிப்பிப்பாறைப் பையன் நல்லா திங்கிறான், ஆனா உடம்பு ஏறவே மாட்டேங்குது, என்ன போடலாம்?

வெயிலூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சிப்பிப்பாறை வேட்டைநாய், கடுவன், அவனுக்கு 13 மாசம் ஆச்சு, எடை 14 கிலோதான். விலா எலும்பு தெரியுறது இந்த சாதிக்கு சகஜம்னு தெரியும், ஆனா இவனுக்கு முதுகுத்தண்டும் இடுப்பு எலும்பும் கூட முட்டிக்கிட்டு நிக்குது, தெருவுல போறவங்க எல்லாம் நாய்க்கு சோறு போடலயான்னு கேக்குறாங்க, கேக்கும்போது மனசு ரொம்ப வலிக்குது. காலையில பால்ல ஊற வச்ச பிஸ்கட், மதியம் மோர் சோறு, ராத்திரி குழம்பு சோத்துல கறி ரெண்டு துண்டு. தட்டை நக்கிட்டுத்தான் நிமிருவான். காலையில பைக்கு கூடவே 5 கிலோமீட்டர் ஓடுவான், சாயங்காலம் தோட்டத்துல அவன் பாட்டுக்கு ஓட்டம்தான். வேற என்ன குடுத்தா உடம்பு ஏறும்?

பழைய வேட்டைநாய்:
தம்பி, தினம் நெய் ரெண்டு கரண்டி, பால் ஒரு லிட்டர் குடுங்க, ஒரே மாசத்துல மினுமினுன்னு ஆயிருவான்.

கரிசக்காட்டு அக்கா:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, அப்படி திடீர்னு நெய்யை ஊத்தினா வயித்தால போகும், கணையம் வீங்கி நாய் படுத்துடவும் செய்யும். வளந்த நாய் நெறைய பேத்துக்கு பாலும் ஒத்துக்காது. தம்பி, சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. ஆய் எப்படி போறான்? ஈறு என்ன நெறம்? கடைசியா பூச்சி மாத்திரை எப்ப போட்டீங்க? நான் கன்னிங்கிற சாதி நாய் வளக்குறவ, எங்க பொட்டைக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நானும் மொதல்ல சோத்தைத்தான் கூட்டிக் கூட்டிப் பாத்தேன்.

வெயிலூர்க்காரன்:
ஆய் கூழு மாதிரிதான் போறான் அக்கா, சில நாள் கறுப்பா தாரு மாதிரி இருக்கும். பூச்சி மாத்திரை 4 மாசக் குட்டியில போட்டதோட சரி. ஈறு இப்பதான் பாத்தேன், வெளிறிப் போயிருக்கு, இதை நான் முன்னாடி பாத்ததே இல்ல.

கரிசக்காட்டு அக்கா:
அப்ப இன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க, தள்ளிப் போடாதீங்க. கறுப்பு ஆய், வெளுத்த ஈறு ரெண்டும் சேந்தா கொக்கிப்புழுவா இருக்க வாய்ப்பு அதிகம், அது குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுறதால நீங்க போடுறது அவன் உடம்புல ஒட்டாது. கொஞ்சம் ஆயை ஒரு சின்ன டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. உண்ணி இருந்தா உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லுங்க, அதுலயும் ஈறு வெளுக்கும். பூச்சி மாத்திரை 3 மாசக் குட்டியில இருந்து 6 மாசம் வரைக்கும் மாசாமாசம், அதுக்கப்புறம் 3 மாசத்துக்கு ஒரு தடவை. வீட்டுல புள்ளைங்க இருந்தா அந்தத் தோட்டத்துல செருப்பில்லாம நடக்க விடாதீங்க, இந்தப் புழு மனுஷன் தோல்லயும் ஏறும்.

வெயிலூர்க்காரன்:
போயிட்டு வந்துட்டேன் அக்கா, கொக்கிப்புழு முட்டை நெறைய இருக்குன்னு சொல்லிட்டாங்க, உண்ணிக் காய்ச்சல் இல்ல. மாத்திரை குடுத்திருக்காங்க, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை போடணுமாம், ரத்தம் ஊற டானிக்கும் எழுதிக் குடுத்தாங்க. இப்ப சாப்பாடு எப்படி போடுறதுன்னு சொல்லுங்க.

கரிசக்காட்டு அக்கா:
நல்ல வேளை தம்பி. 14 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே சுமார் 500 கலோரி வேணும், ஓடுற இளநாய்க்கு அது ரெண்டு மடங்கு. நீங்க போட்டதுல வயிறு ரொம்பும், ஆனா புரதம் ரொம்பக் கம்மி. பிஸ்கட்டை நிறுத்துங்க. ஒரு நாளைக்கு எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம், வெந்த சோறு அதே அளவு, அவிச்ச முட்டை ரெண்டு, கொஞ்சம் சக்கரைவள்ளிக் கிழங்கோ பூசணியோ, இதை மூணு வேளையா பிரிச்சுப் போடுங்க. ஒரே நாள்ல மாத்தாதீங்க, பழசுல கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா மாத்துங்க. வாரத்துல ஒரு நாள் ஈரல், ஒரு நாள் மத்தி மீன் அவிச்சு முள்ளு எடுத்துட்டு. கறியும் சோறுமா போட்டா சுண்ணாம்புச் சத்து பத்தாது, முட்டை ஓட்டை அவிச்சு காய வச்சு மாவா பொடிச்சு தினம் அரை டீஸ்பூன் தூவுங்க, ஆனா டாக்டர் கால்சியம் டானிக் குடுத்திருந்தா இது வேணாம். வீட்டுக் குழம்பை ஊத்தாதீங்க, வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்தையே அழிக்கும், ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்கவனுக்கு அது விஷம். வெந்த கோழி எலும்பும் கூடாது, ஊசி மாதிரி உடைஞ்சு குடலைக் குத்தும்.

தோட்டத்து வீடு:
ஓட்டத்தையும் கொஞ்ச நாளைக்குக் கொறைங்க தம்பி, ஈறு செவக்குற வரைக்கும் பைக் வேணாம், விடியக்காலையில நடந்தா போதும். நெஞ்சு ஆழமான நாய் இது, தின்ன கையோட ஓட விட்டா வயிறு உப்பி முறுக்கிக்கும், உசுருக்கே ஆபத்து, ஒரு மணி நேரமாச்சும் படுக்க விடுங்க. எடை பாக்க அவனைத் தூக்கிக்கிட்டு மிஷின்ல ஏறி நின்னு உங்க எடையைக் கழிச்சுருங்க, வாராவாரம் ஒரே கிழமையில பாருங்க.

வெயிலூர்க்காரன்:
ஏழு வாரம் ஆச்சு, சொல்லாம இருக்க முடியல. 16 கிலோ 200 கிராம்! ஈறு ரோஸ் கலர்ல இருக்கு, ஆய் கெட்டியா போகுது, முதுகுல தடவுனா முன்ன மாதிரி முள்ளு முள்ளா இல்ல, முடி கூட பளபளன்னு ஆயிருச்சு. போன வாரத்துல இருந்து பைக் இல்லாம சும்மா ரெண்டு கிலோமீட்டர் ஓட விடுறேன். அக்கா, இன்னும் கூட்டிப் போடவா?

கரிசக்காட்டு அக்கா:
படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு தம்பி. கூட்ட வேணாம், இதே அளவுல இன்னும் ஒரு மாசம் விட்டுப் பாருங்க. இடுப்பு எலும்பு சதையில மூடுனா போதும், கடைசி மூணு விலா எலும்பு தெரியத்தான் செய்யணும், அதையும் மூடணும்னு நெனச்சு போட்டீங்கன்னா இந்த நாய்க்கு மூட்டு தாங்காது. ரெண்டாவது தடவை மாத்திரை போட்டீங்கள்ல? இன்னொரு வாட்டி ஆய் டெஸ்ட் பண்ணிருங்க.

வெயிலூர்க்காரன்:
போட்டாச்சு அக்கா, நாளைக்கே டப்பாவோட போறேன்.