ஸ்வீடிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒத்துவரும் பையன் பெயர் சொல்லுங்களேன்

வணக்கம். மனைவிக்கு ஊர் ஸ்வீடன், எனக்கு இங்கிலாந்து. இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறோம். பையன் பிறந்துவிட்டான், பெயர்தான் அமையவில்லை. பிறந்த 3 மாதத்துக்குள் இங்கே வரித்துறையில் பெயரைத் தெரிவித்தாக வேண்டும்.

அவளுக்குத் தன் தாத்தா பெயரான 'யோரான்' (Göran) வைக்க ஆசை. எழுத்தைப் பார்த்து என் அம்மா 'கோரன்' என்றே படிக்கிறார். எனக்குப் பிடித்த ஜோனஸ் இங்கே யோனாஸ், சைமன் இங்கே சீமோன். ஆஸ்கர் இரண்டுக்கும் சரிவரும், ஆனால் எங்கு திரும்பினாலும் ஓர் ஆஸ்கர்!

ஆக்செல் பிடித்திருக்கிறது. ஸ்வீடன் காலண்டரில் ஜூன் 16 அந்தப் பெயருக்குரிய நாள். மாமியாருக்கு அது முக்கியம். இங்கிலாந்துப் பள்ளியில் இந்தப் பெயரைக் கேலி செய்வார்களா? அப்புறம், இரண்டு பாட்டிகளும் ஒரே மாதிரி கூப்பிடக்கூடிய வேறு பெயர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.