புதுப்பிப்பு: மோட்டார்ஹோம் குழாயில் இருக்கும் ஆன்டிஃப்ரீஸை எப்போது கழுவுவது?

கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து அமெரிக்காவில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டுக்கு மோட்டார்ஹோமில் (வீட்டு வசதிகளுள்ள வண்டியில்) குளிர்காலம் கழிக்க இறங்குகிறவர்களுக்காக முன்பு எழுதிய குறிப்பில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. இரவிலும் 0 டிகிரிக்கு மேல் இருக்கும் ஊர் வரும்வரை இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ஊற்றிவைக்கும் திரவம்) குழாயிலேயே இருக்கட்டும். அதுவரை கேன் தண்ணீர்தான்.

கழுவும்போது வாட்டர் ஹீட்டர் பைபாஸ் வால்வை (தண்ணீர் ஹீட்டர் தொட்டிக்குள் போகாமல் சுற்றிப் போகவைக்கும் திருகை) முதலிலேயே திருப்பாதீர்கள். ஆன்டிஃப்ரீஸ் ஹீட்டரின் 6 கேலன் தொட்டிக்குள் புகுந்துவிட்டால் வெந்நீரில் நுரையும் வாடையும் லேசில் போகாது. எல்லாக் குழாயிலும், பலர் மறந்துவிடும் வெளி ஷவரிலும், நிறமில்லாத தண்ணீர் வரட்டும். பிறகு தொட்டியின் வடிகால் அடைப்பானை இறுக்கி, தண்ணீர் தொட்டிக்குள் போகும்படி பைபாஸைத் திருப்புங்கள். வெந்நீர்க் குழாய் விட்டுவிட்டுக் காற்றைக் கக்கும். அது நின்று தண்ணீர் சீராக ஓடிய பின்பே ஹீட்டரைப் போடுங்கள். வெறும் தொட்டியில் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் மின்சார எலிமெண்ட் கருகிவிடும்.