தனிச் சொல்லில் தொனி சரி, வாக்கியத்தில் குலைகிறது (தாய்லாந்து மொழி)

தாய்லாந்தில் ஊழியத்தில் இருப்பவர்கள், குறிப்பாகத் தமிழ் பேசுகிறவர்கள் உதவுங்கள்.

இடம் சியாங் மாய். படிக்கத் தொடங்கி 8 மாதம், வாரம் 5 நாள் வகுப்பு. ஐந்து தொனிகளும் (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்) தனிச் சொல்லில் சரியாக வருகின்றன. வாக்கியத்தில் போட்டதும் போய்விடுகின்றன. 'காவ்' தாழ்தொனியில் செய்தி, இறங்குதொனியில் சோறு. 'காவ் டீ' என்று நற்செய்தியைச் சொல்லப்போனால் நல்ல சோறு என்று போய்ச் சேருகிறது. 'க்லை' சமதொனியில் தூரம், இறங்குதொனியில் பக்கம், இதுவும் தலைகீழாகிறது. கேள்வி கேட்கும்போதுதான் மோசம். தமிழில் கேட்பதுபோல் கடைசி அசையில் குரல் தானாக ஏறி, அந்த அசையின் தொனியை அழித்துவிடுகிறது.

செய்து பார்த்தவை: 44 மெய்யெழுத்து, அவற்றின் மூன்று வகுப்பு, 4 தொனிக்குறி எல்லாம் மனப்பாடம், எழுத்தைப் பார்த்தால் தொனியைச் சொல்லிவிட முடியும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை இரண்டாம் மாதமே விட்டாயிற்று (அதில் p, ph, b மூன்றுக்கும் 'ப' ஒன்றுதான்!). ஆங்கி (Anki) என்ற மனப்பாட அட்டைச் செயலியில் ஒலியோடு அட்டைகள், தினம் 40 நிமிடம். குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் பிராட் (Praat) மென்பொருளில் ஆசிரியையின் குரல்கோட்டோடு ஒப்பிட்டதில், மூன்றாவது சொல்லுக்குப் பிறகு என் கோடு தட்டையாகிறது.

வெளியே எல்லோரும் வட தாய்லாந்தின் வட்டார மொழியான கம் முவாங் பேசுகிறார்கள், அதில் 6 தொனி. அதை இப்போதைக்குத் தொடவில்லை.

சொல்லிலிருந்து வாக்கியத்துக்குத் தொனியைக் கொண்டுபோக உங்களுக்குப் பலன் தந்த பயிற்சி எது?